ரெண்டு டிவியும் ஓடணும்

போன வாரம் பழைய அலுவலகத்தை எட்டிப் பார்க்க வந்தேன். உங்களில் இரண்டு பேர் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காதல் தகராறாக இருக்குமோ என்று ஆசையாக விசாரித்தேன். ஏமாற்றம்தான். வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனி, ஊரெல்லாம் விளையாடுகிற கேம்களைச் செய்யும் இன்னொரு பெரிய கம்பெனியை விலைக்கு வாங்குகிறதாம். வாங்குகிறவர்கள் சொந்தமாக ஒரு விளையாட்டுப் பெட்டியும் விற்கிறார்களாம். இனிமேல் அந்தத் துப்பாக்கி கேம் அவர்கள் பெட்டியில் மட்டும்தான் வரும் என்று ஒருவர் சொல்ல, எல்லாப் பெட்டியிலும் வரும் என்று மற்றவர் சொல்ல, பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் உங்கள் பெயர்கூடத் தெரியாது. நீங்கள் இங்கே ஒரு தட்டு வடையைப் பங்கு போட மறுக்கிறீர்கள்.

நான் சிரித்துவிட்டேன். அதற்கு இருவரும் என் மேல் கோபித்துக்கொண்டீர்கள். அந்த ஒரு விஷயத்திலாவது உங்களுக்குள் ஒற்றுமை வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

கோபம் தணிந்திருந்தால் கேளுங்கள். இந்தச் சண்டையை நான் மதுரையில், கீழவாசல் பக்கம் ஒரு சந்துக்குள், ஒரு மாடி அறையில் முழுசாகப் பார்த்திருக்கிறேன். வாங்கியவர் எனக்கு முதலாளி. விற்றவரும் எனக்கு முதலாளி. நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

கேம் பார்லர்கள் தெருவுக்கு ஒன்றாக முளைத்திருந்த காலம் அது. வீட்டில் பெட்டி வாங்க வசதி இல்லாத பையன்கள் பார்லரில் போய் மணிக்கணக்கு வாடகைக்கு விளையாடுவார்கள். அப்போது இரண்டு பெட்டிகள் இருந்தன. கம்பெனிப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்று கறுப்பு, இன்னொன்று வெள்ளை. ஒரு பார்லரில் கறுப்பு இருந்தால் வெள்ளை இருக்காது. கறுப்பு விளையாடுகிற பையன் வெள்ளை விளையாடுகிறவனைப் பார்த்து, ஏதோ வியாதிக்காரனைப் பார்க்கிற மாதிரி ஒதுங்கிப் போவான். கே.கே. நகரில் ஒரு வீட்டில் அண்ணன் கறுப்பு, தம்பி வெள்ளை. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம் பிடித்து, அவர்கள் அம்மா எங்கள் கடைக்கு வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போனார். உங்கள் டீ மேசை அதற்கு எவ்வளவோ தேவலை.

என் பழைய முதலாளி இரண்டு பெட்டிக்கும் கேம் டிஸ்க் விற்கிற மொத்த வியாபாரி. அதோடு சொந்தமாக ஒரு கேமும் போட்டார். பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியிடம் சொல்லிச் செய்த கிரிக்கெட் ஆட்டம். பெட்டிக்காரர்களிடம் அதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று நீங்கள் கேட்கிற இடத்தில் நாங்கள் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவோம். ஆட்டம் சுமார்தான். மட்டைக்காரன் ஓடும்போது கால் தரையில் படாது. ஆனால் அதில் வர்ணனை தமிழில் வரும், அதுவும் நம்ம ஊர்த் தமிழில். திருவிழாவுக்கு மைக் செட் போடுகிற ஒரு அண்ணன்தான் பேசியிருந்தார். அவுட்டானால், "போச்சுடா! வீட்டுக்குக் கெளம்பு மாப்ள!" என்பார். சிக்ஸர் அடித்தால், "அம்புட்டுத்தேன், பந்து தெப்பக்குளத்துல!" என்பார். அந்தக் குரலுக்காகவே பையன்கள் வேண்டுமென்று அவுட்டாவார்கள். டிஸ்க்கைப் போட்டவுடன் முதலில் கேட்பது என் முதலாளியின் குரல்: "வாங்க, உக்காருங்க. செருப்ப வெளிய விட்டாச்சா?" பார்லர்காரர்கள் கெஞ்சிக் கேட்டுச் சேர்த்த வாசகம் அது.

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அந்த கிரிக்கெட்டில் புதுசு வரும். புது வர்ணனை, புது கேலி. விடுமுறையில் அது ஓடுகிற பார்லர் பிழைக்கும். அது இல்லாத பார்லர் ஈ ஓட்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சுற்று வட்டாரத்துப் பார்லர்காரர்கள் எல்லோரும் எங்கள் மாடிக்கு வருவார்கள். இரண்டு டிவி பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் கறுப்பு, மற்றதில் வெள்ளை. புதிதாக வந்த ஆட்டத்தைப் போட்டு, கடைக்காரர்களே விளையாடிப் பார்ப்பார்கள். பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கத்துவார்கள். ஜெயித்தவருக்கு முதல் பார்சல். அப்படி ஒரு நியாயம்.

ஒரு தடவை ஒரு சண்டை ஆட்டம் கறுப்புக்கு மட்டும் முதலில் வந்து சேர்ந்தது. கறுப்பு டிவியில் மட்டும் போட்டுக் காட்டினோம். வெள்ளைக்கு வராதாம் என்று யாரோ மாடிப்படியில் ஒரு கயிறு திரித்தார்கள். திருமங்கலத்துப் பார்லர்காரர் ஒருவர் அன்றைக்கே தன் வெள்ளைப் பெட்டிகளை எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளைக்கும் வந்துவிட்டது. அவர் வந்து சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் வரை எங்கள் கடையில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முதலாளி ஒரு சட்டம் போட்டார்.

"ரெண்டு டிவியும் ஓடணும். இல்லையா, ரெண்டும் ஓடக் கூடாது."

அதற்குப் பிறகு ஒரு பெட்டிக்கு வந்த டிஸ்க், இன்னொன்று வரும்வரை பிரிக்கப்படாமல் கிடக்கும். கேம் இல்லாததால் கெட்டுப்போகிற கடைகளைவிட, கேம் வராது என்ற பேச்சால் கெட்டுப்போகிற கடைகள் அதிகம் என்று அவருக்குப் புரிந்திருந்தது. உங்கள் வேலையில் ஒரு பேச்சு எங்கே கிளம்பியது என்று பார்ப்பதற்கு முன்னால், அதை நம்பி யார் எதை விற்கிறார்கள் என்று பாருங்கள்.

பிறகு முதலாளிக்கு மூட்டு வலி வந்தது. மாடி ஏற முடியவில்லை. மத்தியானம் தூங்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லி வியாபாரத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் கே.கே. நகர் ரத்தினம் சார். கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் போட்ட ஷோரூம் வைத்திருந்தவர். அவர் விற்றது என்ன தெரியுமா? கறுப்புப் பெட்டி. கறுப்பு மட்டும்.

செய்தி கேட்டதும் வெள்ளைப் பார்லர்காரர்கள் அரண்டு போனார்கள். இனி கிரிக்கெட் கறுப்புக்கு மட்டும்தான் என்று ஊரே பேசியது. எனக்கும் பயம்தான். ஆனால் ரத்தினம் சாரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனுஷர். அவரிடம் இருந்த ஒரே வியாதி மைக். கல்யாண வீடு, காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கே மைக்கைப் பார்த்தாலும் கை தானாகப் போய்விடும். ஷோரூம் திறப்பு விழாவில் அவர் பேசி முடிப்பதற்குள் ஐஸ்கிரீம் எல்லாம் பாயசமாகிவிட்டது.

எனக்கும் பழைய முதலாளிக்கும் வீட்டு மொழி சௌராஷ்டிரம். கடையிலும் அதில்தான் பேசிக்கொள்வோம். முதலாளி எப்போதாவது கடைக்கு வந்து என்னிடம் இரண்டு வார்த்தை பேசினால் ரத்தினம் சாருக்கு முகம் வாடிவிடும். தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பெரும்பாலும் அன்றைக்கு மத்தியானம் என்ன குழம்பு என்பதைப் பற்றித்தான் பேசியிருப்போம்.

அந்தக் கோடைக்கு கிரிக்கெட் இரண்டு பெட்டிக்கும் தயாராகிவிட்டது. விற்பனைக்குக் காப்பி எடுப்பதற்கான மாதிரி டிஸ்க் இரண்டும் வந்து சேர்ந்தன. ரத்தினம் சார் என்னைக் கூப்பிட்டு, "பிரேமா, கறுப்பு டிஸ்க்குக்கு மட்டும் காப்பி போடச் சொல்லு. வெள்ளை இப்பதைக்கு பீரோவுல இருக்கட்டும்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய குடோனில் கறுப்புப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவற்றை விற்க வேண்டும். அண்ணன் தம்பிகள் வேறு, இதெல்லாம் ஒரு வியாபாரமா என்று அவரைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாடி நிறையக் கூட்டம். கறுப்பு டிவி ஓடியது. வெள்ளை டிவியின் மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. துண்டைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும், நான் தோல் நிறத்தைச் சொல்லவில்லை, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் எழுந்தது பசுமலைச் செல்வி.

செல்வி பேரையூர்ப் பக்கத்துக்காரி. மழையை நம்பிய நிலம் வருஷா வருஷம் கைவிட்டதும், அவளும் கணவரும் பசுமலைக்கு வந்தார்கள். அவர் மினி பஸ் ஓட்டினார். அவள் பள்ளிக்கூடங்களுக்கு நடுவில் ஒரு கடை பிடித்து, வெள்ளைப் பெட்டிகள் வாங்கிப் போட்டு பார்லர் நடத்தினாள். பரீட்சை நேரத்தில் யூனிபார்மோடு வருகிற பையனை உள்ளே விட மாட்டாள். பெண் பிள்ளைகள் வந்து விளையாடுகிற ஒரே பார்லர் மதுரையில் அவளுடையதுதான். அந்தக் கடைதான் அவள் குடும்பத்துக்குச் சோறு. வெள்ளைப் பெட்டிகளை விற்றுக் கறுப்பு வாங்க வேண்டும் என்றால் பாதிப் பெட்டிகூட வராது. கிரிக்கெட் இல்லாமல் விடுமுறையை ஓட்டினால் கடையே இருக்காது. அவள் நிலைமை அவ்வளவுதான்.

"சார், ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். எங்களுக்கு உண்டா, இல்லையா?" என்றாள்.

ரத்தினம் சார் எழுந்து நின்றார். மைக் இல்லை. இருந்தாலும் கையை மைக் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இப்படிக் கேட்டுப்புட்ட? கறுப்போ வெள்ளையோ, நம்ம ஆட்டம் எல்லாருக்கும் உண்டு!" என்றார். கூட்டம் கை தட்டியது. கை தட்டல் நிற்கிறவரை காத்திருந்துவிட்டு, மெதுவாகச் சேர்த்தார்: "என்ன, வெள்ளைக்குக் கொஞ்சம் பைய வரும்."

பைய என்றால் மெதுவாக. எங்கள் தொழிலில் விடுமுறை முடிந்து வருகிற கிரிக்கெட், தீபாவளி முடிந்து வருகிற பட்டாசுதான். செல்வி உட்கார்ந்துவிட்டாள்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் சண்டை போட்ட அந்த வெளிநாட்டுக் கம்பெனியும் இதையேதான் சொல்லும். இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் உண்டு என்பார்கள். எப்போது என்று கேட்பவர்தான் கெட்டவராகிவிடுவார்.

அடுத்த வாரம் செல்வி ஒரு கட்டைப் பையோடு கடைக்கு வந்தாள். பைக்குள் துணி சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி. கட்டைப் பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எக்கா, ஒருத்தரு விலைக்குக் கேக்குறாரு. இப்பக் குடுத்தா ஏதோ தேறும். பத்து நாள் போனா சீண்ட ஆளு இருக்காது. நீங்க உள்ள இருக்குறவுக. குடுக்கவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

வெள்ளை மாதிரி டிஸ்க் என் முதுகுக்குப் பின்னால் பீரோவில் இருந்தது. இருக்கிறது, கொடுக்காதே என்று சொன்னால் முதலாளிக்குத் துரோகம். நாளைக்கு அவர் மனம் மாறாவிட்டால் அது இவளுக்கும் துரோகம். தெரியாது என்று சொன்னால் பச்சைப் பொய். கொடுத்துவிடு என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"இந்த வெள்ளிக்கெழம வரைக்கும் பொறு செல்வி. அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரிக்கா. போயிட்டு வாரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாள். என் வாழ்க்கையில் எத்தனையோ மீட்டிங்கில் வியர்த்திருக்கிறேன். அன்றைக்கு வியர்த்த மாதிரி இல்லை. அவள் நம்பிப் போனது ரத்தினம் சாரை இல்லை, என்னை.

நேராகப் பழைய முதலாளி வீட்டுக்கு ஓடினேன். குருநாதர் ஏதாவது வழி சொல்வார் என்று நினைத்தேன். அவர் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் கொட்டினேன். விளம்பரம் வந்ததும், எங்கள் பாஷையில், "வித்தது வித்ததுதேன். இனிமே அது அவரு கடை. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பூரி சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, உள்ளேயிருந்து, "அவருக்குப் பேசப் பிடிக்கும்ல? பேச விடேன்" என்று ஒரு குரல் வந்தது. எனக்குச் சொன்னாரா, சீரியலில் வந்த மாமியாருக்குச் சொன்னாரா என்று இன்று வரை தெரியாது. அவர் சீரியலோடும் பேசுகிற வழக்கம் உள்ளவர்.

மறுநாள் காலையில் ரத்தினம் சார் முன்னால் போய் நின்றேன்.

"சார், ஒரு சின்ன விஷயம். டிஸ்க்கப் போட்டா இன்னமும் பழைய முதலாளி குரல்தேன் வருது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கம்பெனி உங்களோடது. மதுரை பூரா பயலுக தெனமும் கேக்குறது அவரு குரல். புதுசுல வரவேற்பு நீங்க சொன்னா நல்லாருக்கும். காப்பி வேலை இன்னும் ஆரம்பிக்கல, இன்னைக்குப் பேசி அனுப்புனா பெங்களூருக்காரங்க உடனே சேத்துக் குடுத்துருவாங்க."

நான் முடிப்பதற்குள் அவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். குரல் பதிவுக்குக் காலரைச் சரி செய்த மனிதர் என்று நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

மைக் செட் அண்ணனுடைய பதிவு அறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. உள்ளே போனதும் ரத்தினம் சார் தொண்டையைக் கனைத்து, "வீரம் விளைந்த மதுரை மண்ணின் மைந்தர்களே" என்று ஆரம்பித்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், இம்புட்டு நீளம் டிஸ்க்குல எடம் இல்ல. ரெண்டு வரியில சொல்லணும்."

இரண்டு வரியில் பேசுவது அவர் வழக்கமில்லை. இன்னொன்று ஆரம்பித்தார், அது நேராகச் சங்க காலத்துக்குப் போனது. இன்னொன்றில் தன் ஷோரூம் முகவரி வந்தது. அண்ணன் கொட்டாவி விட்டார். சாருக்கு முகம் சுண்டிப்போனது. என்னைப் பார்த்து, "நீதேன் ஒரு வார்த்தை எடுத்துக் குடேன்" என்றார்.

"அன்னைக்கு செல்விகிட்டச் சொன்னீங்களே சார். அதுக்குத்தேன் மாடியே கை தட்டுச்சு" என்றேன்.

அவர் கண் மின்னியது. மைக்கை நெருங்கி நின்றார். "கறுப்போ வெள்ளையோ, நம்ம ஆட்டம் எல்லாருக்கும் உண்டு! வாங்க மாப்ள!" என்றார். ஒரே மூச்சில், கணீரென்று, ஒரு பிசிறு இல்லாமல். அண்ணன்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

போட்டுக் காட்டச் சொன்னார். கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அந்தத் தடவை பாதியிலேயே அவர் சிரிப்பு குறைந்தது. என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இது கறுப்பு டிஸ்க்குல மட்டும் வந்தா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். டிஸ்க் வெளியே போன பிறகு மாட்டிக்கொண்டு முழிப்பார், வேறு வழியில்லாமல் வெள்ளைக்கும் கொடுப்பார். செல்வி பிழைத்துக்கொள்வாள். ஆனால் என்னை நம்பி மைக் முன்னால் நிற்கிற மனுஷரைக் குழியில் தள்ளிவிட்டு, நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? ஒருத்தி நம்பிக்கையைக் காப்பாற்ற இன்னொருத்தர் நம்பிக்கையை விற்கவா?

"சிரிப்பாங்க சார்" என்றேன்.

"அப்ப 'வெள்ளைக்குப் பைய வரும்'னு சேத்துச் சொல்லிரவா?"

"சேத்துக்கலாம் சார். டிஸ்க்கப் போடுற ஒவ்வொரு பயலும் அதையும் கேப்பான்."

மைக் செட் அண்ணன் ஏதோ ஒயரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வீட்டில் போய் என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம்கூட அமைத்துவிட்டேன்.

ரத்தினம் சார் மைக்குக்கு முன்னால் போய், அந்தச் சேர்க்கையையும் வைத்து ஒரு தடவை பேசிப் பார்த்தார். "கறுப்போ வெள்ளையோ, நம்ம ஆட்டம் எல்லாருக்கும் உண்டு, வெள்ளைக்குக் கொஞ்சம் பைய..." அதற்கு மேல் அவருக்கே வரவில்லை. குரல் எங்கேயோ இறங்கிப்போனது. நல்ல பேச்சுக்காரருக்குத் தன் பேச்சு எங்கே அசிங்கமாகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். மைக்கைத் தட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மொதல்ல பேசுனதையே வச்சுக்கங்கண்ணே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் பழைய முதலாளியும் உங்க பாஷையில பேசி முடிவு பண்ணுனதுதேன இது?" என்று கேட்டார்.

"இல்ல சார். அவரு பூரி மட்டுந்தேன் குடுத்தாரு."

அவர் சிரித்துவிட்டார். "போ, போய் அந்த வெள்ளை டிஸ்க்க பீரோவுலருந்து எடு. அதையும் பெங்களூருக்கு அனுப்பு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மாடியில் துண்டு இல்லை. இரண்டு டிவியும் ஓடின. இரண்டிலும் ஒரே நேரத்தில் ரத்தினம் சாரின் குரல் கணீரென்று வந்தபோது, முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மாடி அதிர்ந்தது. முதல் பார்சலுக்கான ஆட்டத்தில் சாரும் உட்காருவேன் என்று அடம் பிடித்தார். எதிரில் செல்வி. முதல் பந்திலேயே அவர் அவுட். "போச்சுடா! வீட்டுக்குக் கெளம்பு மாப்ள!" என்று டிவிக்குள்ளிருந்து மைக் செட் அண்ணன் கத்தினார். முதலாளியைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் விழித்தோம். அவரே முதலில் சிரித்தார். பார்சலை அவர் கையாலேயே செல்வியிடம் கொடுத்தார். அவள் என் பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

கறுப்புப் பெட்டிகளும் விற்றன. கொஞ்சம் பைய விற்றன, அவ்வளவுதான்.

பேப்பரில் எழுதி வாங்கிய வாக்குறுதிகளை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். எழுதி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை யார் படிப்பார்கள் என்றும் யோசியுங்கள். ரத்தினம் சார் தன் வாயால் சொன்னதை மதுரைப் பையன்கள் தினமும் கேட்டார்கள். அதனால் அந்த ஆட்டம் வந்த ஒவ்வொரு கோடையிலும், கறுப்புக்கு மட்டும் போட அவருக்கு எத்தனை ஆசை வந்தாலும், இரண்டு டிவியும் ஓடின. அவர் கே.கே. நகரில் காலை நடை போனால், பைக்கில் போகிற பையன்கள், "எல்லாருக்கும் உண்டு!" என்று கத்திவிட்டுப் போவார்கள். முதலில் முறைத்தார். பிறகு கை தூக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு பெட்டிகளுமே பிறகு வழக்கொழிந்தன. செல்வி அதே கடையை கம்ப்யூட்டர் சென்டராக மாற்றிக்கொண்டாள். நான் சென்னைக்கு வந்து உங்கள் கம்பெனியில் சேர்ந்தேன். ரத்தினம் சார் மகள் கல்யாணத்துக்கு எனக்கும் செல்விக்கும் பத்திரிகை வந்தது. மண்டபத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். மைக் அவர் கையில்தான் இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு முடிவதற்குள் பந்தி தாமதமாகி, நாங்கள் உட்கார்ந்தபோது இலையில் சோறு இருந்தது, சாம்பார் வரவில்லை. ஆள் தேடுகிறார்கள், அடுப்பில் இருக்கிறது, இதோ வருகிறது என்று பரிமாறுகிறவர்கள் நழுவிக்கொண்டிருந்தார்கள். பட்டு வேட்டியோடு சார் அந்தப் பக்கம் அவசரமாகப் போனார். செல்வி இலையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"சார், எல்லாருக்கும் உண்டா?"

அவர் நின்றார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"உண்டும்மா, உண்டு" என்றார்.

"இப்பவா, பையவா?"

ரத்தினம் சார் மைக்கைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்துவிட்டு, உள்ளே போய், சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.